ஐஸ் பெட்டிக்குக் கம்பளி

ஏழாம் வகுப்பில் வெப்பப் பாடம் எடுக்கப் போகிறவர்கள் குச்சி ஐஸ் வாங்கக் கூச்சப்படாதீர்கள். பள்ளிக்கூட வாசலில் டீச்சர் நின்றுகொண்டு இரண்டு ஐஸ் வாங்கினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரித்துவிட்டுப் போகட்டும். கரும்பலகையில் 'அரிதிற் கடத்தி' என்று எழுதி, அதன் கீழே மரம், வைக்கோல், கம்பளி, காற்று என்று வரிசையாகப் போட்டுவிட்டால், பிள்ளைகள் அதைப் பாட்டாகப் பாடுவார்கள். பரீட்சையிலும் எழுதுவார்கள். ஆனால் வீட்டுக்குப் போய்ப் படுத்ததும் கம்பளி சூடு தருகிறது என்றுதான் நினைப்பார்கள். புத்தகம் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமலேயே ஒரு பிள்ளை எட்டாவது வரை பாஸாகிவிட முடியும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் காலேஜில் விஞ்ஞானம் படித்தவள் அல்ல. மணலூர்பேட்டைக்காரி. டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு, கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு வேலைக்கு வந்தவள். வந்த முதல் நாளே ஹெட்மாஸ்டர், "சயின்ஸுக்கு ஆள் கம்மி, நீங்கதான் எடுக்கணும்" என்று புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார். பிள்ளைகளுக்கு ஒரு நாள் முன்னதாக நான் படித்தேன், அவ்வளவுதான் எனக்கும் அவர்களுக்கும் வித்தியாசம்.

அந்த வகுப்பில் அஞ்சலை என்று ஒரு பெண். எதையும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டாள். கம்பளியில் சுற்றினால் ஐஸ் சீக்கிரம் உருகாது என்று நான் சொன்னதும் எழுந்துவிட்டாள்.

"கம்பளி போத்தினா நமக்குச் சூடா கீது. ஐஸுக்கு மட்டும் எப்டி டீச்சர் குளுரும்?"

பதில் சொல்லத் தெரிந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் பதில் போய்ச் சேராது என்றும் தெரிந்தது. மறுநாள் இரண்டு குச்சி ஐஸ் வாங்கினேன். ஒன்றைத் தட்டில் அப்படியே வைத்தோம். இன்னொன்றை என் கம்பளியில் சுற்றி வைத்தோம். மார்கழிக் குளிருக்கு நான் வாங்கியிருந்த கறுப்புக் கம்பளி அது. தட்டில் இருந்தது சாயத் தண்ணியாகிவிட்டது. கம்பளிக்குள் இருந்தது குச்சியோடு நின்றது. வகுப்பு கைதட்டியது, அஞ்சலை தட்டவில்லை.

"அது பெருசு டீச்சர். ஐஸ்காரரு ஒங்களுக்குன்னு பெருசா பாத்துக் குடுத்துட்டாரு."

திரும்பவும் வாங்கினோம். இந்த முறை அவளே பார்த்துப் பொறுக்கினாள், பெரியதைத் தட்டில் வைத்தாள், சின்னதைக் கம்பளியில் சுற்றினாள். பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள், சாப்பாட்டு மணிக்குக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் கம்பளியைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கம்பளி சூடும் குடுக்கல, குளுரும் குடுக்கல. அது சாத்தின கதவு மாதிரி டீச்சர். உள்ள கீறது உள்ள, வெளிய கீறது வெளிய."

எனக்கு ஜனங்கள் பேசுவதைக் கேட்டுச் சேர்த்து வைக்கும் பழக்கம் உண்டு. அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை அந்தப் பாடத்தை அஞ்சலையின் கதவை வைத்துத்தான் நடத்தினேன்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த காலம் அது. படிப்பிலும் வேலையிலும் எங்கள் பிள்ளைகளுக்கு இடம் கொடு என்று ஊர் ஊராக ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஒருநாள் வரும், இரண்டு நாள் வராது. போலீஸ் வண்டி மட்டும் அங்கங்கே நிற்கும். காலனிப் பிள்ளைகள் அந்த நாட்களில் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை, மறியல்காரர்கள் மேல் இருந்த பயம் எல்லோருக்கும் தெரியும். நான் பாதி வகுப்பை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன்.

அப்படி ஒரு காலையில், பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன பஸ், மரம் விழுந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றது. டிரைவரும் கண்டக்டரும் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். பஸ்ஸிலிருந்து நர்சம்மா இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தார். மலை ஊர்களுக்குத் தடுப்பூசி போடப் போகிறவர், எங்கள் எல்லோருக்கும் தெரிந்தவர். தோளில் ஐஸ் வைத்த தடுப்பூசிப் பெட்டி தொங்கியது. மூடியின் கொக்கி உடைந்து, துணிக் கிழிசலால் கட்டியிருந்தது.

"டீச்சர், நல்லா மாட்டிக்கினேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். "முன்னால மரம். பின்னாலயும் ஒண்ணு சாச்சிட்டாங்களாம். திரும்பிப் போவவும் வழி இல்ல."

மலைமேல் ஒரு சிற்றூரில் மணல்வாரி என்கிற தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. முந்தின மாதம் குழந்தைகள் இறந்திருந்தார்கள். அம்மை வந்த ஊரில் ஊசி போடக் கூடாது என்பது அங்கே வழக்கம். நர்சம்மா வீடு வீடாக ஏறி இறங்கி, நோய் வராத பிள்ளைகளுக்காவது போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சி, இந்த ஒரு நாளுக்குத் தாய்மார்களைச் சம்மதிக்க வைத்திருந்தார். இன்றைக்குப் போகாவிட்டால் அந்தச் சம்மதம் நாளைக்கு இருக்காது. போனாலும், நடந்து ஏறிச் சேர்வதற்குள் ஐஸ் உருகிவிட்டால் மருந்து கெட்டுவிடும்.

ஹெட்மாஸ்டர் பெட்டியைக் கிணற்றில் இறக்கி வைக்கச் சொன்னார். சத்துணவு சமைக்கிற அம்மா ஈரச் சாக்கைப் போர்த்தச் சொன்னார். "காத்தோட்டமா வேப்ப மரத்தடியில மூடியத் தெறந்து வைங்க" என்று இன்னொருவர். ஆளுக்கொரு வைத்தியம். நான் மெதுவாக, "கம்பளியில சுத்தி எடுத்துக்கினு போவலாம்" என்றேன்.

நர்சம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இந்தப் பொரட்டாசி வெயில்லயா?"

வகுப்பில் செய்து பார்த்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சர், நீங்க சொல்றது புரியுது. ஆனா இது குச்சி ஐஸ் இல்ல. கெட்டுப்போன மருந்தப் பாத்தா கண்ணுக்குத் தெரியாது. ஊசி போட்டாச்சின்னு அந்தத் தாய்ங்க தைரியமா இருப்பாங்க. அடுத்த வாட்டி அம்மை வந்தா கொழந்த பூடும். என்னை மட்டும் இல்ல, ஊசியவே நம்ப மாட்டாங்க. நீங்க உறுதியா சொல்றீங்களா?"

ஒரு தட்டு ஐஸுக்கும் ஒரு ஊர்ப் பிள்ளைகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் தெரிந்தது. 'புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது' என்று சொல்லலாம். அதைச் சொன்னால் பொறுப்பு புத்தகத்துக்குப் போய்விடும். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். கற்றுக் கொடுத்ததை எடுத்து யாராவது உங்கள் முன்னாலேயே வைத்து, இது நிஜம்தானா என்று கேட்பார்கள்.

ஜன்னல் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் அஞ்சலை.

"டீச்சர், ஐஸ் உருகாம இருக்க இன்னா செய்யணும்னு பரிட்சைல கேட்டா, கம்பளில சுத்தணும்னு எழுதுவேன். மார்க் போடுவீங்களா?"

"போடுவேன்."

"அப்போ சுத்துங்க."

நர்சம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் அறைக்குப் போய்க் கம்பளியை எடுத்து வந்தேன். மூடியோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றிக் கயிற்றால் கட்டினோம். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: மேலே போய்ச் சேரும் வரை யார் கேட்டாலும் திறக்கக் கூடாது. சோறு வெந்ததா என்று மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிற கை நம்முடையது. அந்தக் கையை நான் அறிவேன்.

நானும் நர்சம்மாவோடு கிளம்பினேன். ஹெட்மாஸ்டர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார், பிறகு தலையை ஆட்டிவிட்டார். அஞ்சலை, "மறியல்ல எங்கப்பாதான் கீறாரு" என்று எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

சாய்ந்த புளியமரத்தின் மேலேயும் கீழேயும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலையின் அப்பா ஏழுமலை நடுவில் இருந்தார். கரும்பு வெட்டுக்குப் போகிறவர், அகலமான தோள், அதைவிட அகலமான குரல்.

"வாங்க டீச்சரம்மா. நடந்து போறவங்களுக்குத் தடை கெடையாது, தாராளமா போங்க" என்றார். அதற்குள் மரத்தின் மேலிருந்து ஓர் இளைஞன் குதித்தான்.

"இரு மாமா. அது இன்னா மூட்ட? கம்பளில சுத்திக்கினு?"

"தடுப்பூசி மருந்து தம்பி, ஐஸ் பொட்டி" என்றார் நர்சம்மா.

"ஐஸ் பொட்டிய எவனாவது கம்பளில சுத்துவானா? அணைக்கட்டாண்ட நிக்கிற போலீசுக்குப் பிரியாணி போவுது மாமா. சூடு ஆறக் கூடாதுன்னு சுத்திக்கினு போறாங்க."

கூட்டம் எழுந்துவிட்டது. அவனைக் குறை சொல்லவும் முடியாது, அவன் நினைத்தது நியாயம். சூடான சாமானைத்தான் உலகம் கம்பளியில் சுற்றும்.

"தெறந்து காட்டுங்க, பூடும் பிரச்சன" என்றார் ஒரு பெரியவர்.

"தெறந்தா ஐஸ் பூடும்" என்றார் நர்சம்மா. "இன்னும் எத்தினி எடத்துல மரம் போட்டு வெச்சிகீறீங்களோ. எல்லா எடத்துலயும் தெறந்து காட்டினா மேல போய் வெறும் தண்ணியத்தான் குத்தணும்."

"ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லன்னா தெறக்க இன்னா பயம்?"

அஞ்சலை பெட்டிக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றாள். "சோத்தச் சுத்தினா சூடு வெளிய போவாது. ஐஸச் சுத்தினா சூடு உள்ள போவாது. ரெண்டுக்கும் அதே கம்பளிதான். ஏழாவதுல கீது, நீ படிச்சிக்கினு வந்துட்டு அப்பறம் பேசு."

"நான் அஞ்சாவதோட நின்னவன், தாயே" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கூட்டத்தின் சூடு கொஞ்சம் இறங்கியது.

ஏழுமலை மகளைப் பார்த்தார். "நெசமாவா?"

"ரெண்டு வாட்டி செஞ்சி பாத்தேன்பா. ஒரு வாட்டி நானே செஞ்சேன்."

"தெறக்காமயே நம்பச் சொல்றியா?"

"நீங்க ரோட்ல ஒக்காந்துக்கினு கேக்கறீங்களே, படிக்கிறதுக்கு எடம். அது எனக்கும் சேத்துத்தான?"

"சேத்துத்தான். பின்ன யாருக்கு?"

"அப்ப நான் படிச்சத நம்புங்க."

அவர் குனிந்து, கம்பளி மூட்டையில் மூக்கை வைத்து நன்றாக இழுத்து மோந்து பார்த்தார். கூட்டம் அவர் முகத்தையே பார்த்தது.

"பிரியாணி இல்ல. கம்பளி நாத்தம்தான் அடிக்குது" என்றார். "டீச்சரம்மா, வெயில்ல போட்டு எடுத்து ரொம்ப நாளாச்சிங்களா?"

சொல்லிவிட்டு, மூட்டையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். "அடுத்த மரத்தாண்ட இவன மாதிரி நாலு பேரு இருப்பானுங்க. ஒவ்வொருத்தன்கிட்டயும் நீங்க பாடம் நடத்திக்கினு இருக்க முடியாது. நான் வரேன்." மகளைப் பார்த்து, "நீ வூட்டுக்குப் போ" என்றார். அவள் போகவில்லை, நாங்கள் வளைவு திரும்பும் வரை மரத்தின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சொன்னது சரியாகப் போயிற்று. மரம் கிடந்த இடத்திலெல்லாம் கேள்வி கிடந்தது. "இன்னா ஏழுமல, குளுரு ஜாஸ்தியா? தலைக்குக் கம்பளி போத்திக்கினு போற?" "பொண்ணுக்குச் சீர் வரிசையா?" எல்லாவற்றுக்கும் அவர் ஒரே பதில் வைத்திருந்தார்: "எம் பொண்ணு குடுத்தனுப்புனது. தொடாத."

ஆனால் அடிவாரத்தில் ரோடு முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்கியதும், அவருக்கே தைரியம் போய்விட்டது. மூட்டையை இறக்கிக் கையை வைத்துப் பார்த்தார்.

"டீச்சரம்மா, கம்பளியில கை வெக்க முடியல. அடுப்பு மாதிரி கீது. எந் தலையே வேவுது, உள்ள மருந்து இன்னா பாடுபடுதோ."

நானும் தொட்டுப் பார்த்தேன். நிஜமாகவே கொதித்தது. நர்சம்மா என்னைப் பார்த்தார். பக்கத்தில் ஓடைத் தண்ணீர் சலசலத்தது. "ஒரு முக்கு முக்கி எடுத்துடலாமா?" என்றார் ஏழுமலை. நர்சம்மாவின் கை கயிற்று முடிச்சுக்குப் போனது.

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. தொட்டால் சுடுகிறது, பக்கத்தில் குளிர்ந்த தண்ணீர், முக்கு என்கிறது உடம்பு. ஆனால் கம்பளி வேலை செய்வது கம்பளியால் அல்ல, நூலுக்குள் சிக்கிக்கொண்ட காற்றால். தண்ணீர் புகுந்தால் காற்று வெளியே போய்விடும், கதவு திறந்துகொள்ளும். பொறுமையாக விளக்கிச் சொல்ல அங்கே நேரமில்லை. "வெளிய சுடுதுன்னா சூடு வெளியதான் நிக்குது. முக்கக் கூடாது. தூக்குங்க" என்றேன். என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது. அவசரத்தில் கைக்குத் தோன்றுவது ஒன்று, தெரிந்தது ஒன்று. இரண்டில் ஒன்றை எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு கால் நடந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தாய்மார்கள் ஒரு பலா மரத்தடியில் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். பாதிப் பேர் எழுந்து போகிற முகத்தோடு இருந்தார்கள். ஏழுமலை மூட்டையை இறக்கினார். நர்சம்மா முடிச்சை அவிழ்த்தார், கம்பளியை உரித்தார், மூடியைக் கட்டியிருந்த கிழிசலை அவிழ்த்தார். திறப்பதற்கு முன் ஒரு விநாடி கண்ணை மூடிக்கொண்டார்.

பிளாஸ்டிக் பைகளில் தண்ணீர் தளும்பியது. அந்தத் தண்ணீருக்கு நடுவே, ஒவ்வொரு பையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஐஸ் கிடந்தது. நர்சம்மா மருந்துக் குப்பியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"நல்லா கீது டீச்சர்" என்றார். ஏழுமலை அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

முதலில் வந்தவள், முந்தின மாதம் அம்மையில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். மிச்சமிருந்த மகன் இடுப்பில் இருந்தான். ஊசியைப் பார்த்ததும் அவன் அலறிய அலறலில் பின்னால் நின்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. இரண்டு தாய்மார்கள் திரும்பி நடந்தார்கள். அந்தப் பெண்ணும் பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள். இவள் போனால் எல்லோரும் போய்விடுவார்கள் என்று நர்சம்மாவுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. இவ்வளவு தூரம் ஐஸைக் கொண்டுவந்துவிட்டோம், இந்த ஓரடிக்கு எங்களிடம் ஒன்றும் இல்லை.

ஏழுமலை எழுந்தார். "நர்சம்மா, ஒரு சில்லு எடுத்துக்கிறேன்" என்று பையைப் பிரித்து, ஓரத்திலிருந்து ஒரு துண்டை உடைத்தார். பையனின் கையை விரித்து அதில் வைத்தார்.

அழுகை பாதியில் நின்றது. பையன் கையைப் பார்த்தான். மலையில் பிறந்த பிள்ளை, ஐஸைக் கண்டதில்லை. கையை உதறினான், ஆனால் கீழே போடவில்லை.

"சுடுது" என்றான்.

இத்தனை நாள் டீச்சராக இருந்த வாய் அல்லவா. "சுடல கண்ணு, இது குளு..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"டீச்சர், கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் நர்சம்மா, ஊசியை எடுத்துக்கொண்டே.

உங்களிடம் சொல்வதற்கு எனக்கு வேறு பெரிய விஷயம் இல்லை. பிள்ளையின் கை சொல்வதை முதலில் சொல்லவிடுங்கள். நம்முடைய வார்த்தை எங்கும் ஓடிவிடாது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"சுடுது, சுடுது" என்று பையன் துண்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான்.

"ஆமாண்டா ராஜா, ரொம்பச் சூடு. ஊதிக்கோ" என்றார் ஏழுமலை.

அவன் கன்னத்தை உப்பி ஐஸை ஊதினான். அவன் அம்மா சிரித்துவிட்டாள். நர்சம்மா அந்த நேரத்தில் ஊசியைப் போட்டு எடுத்துவிட்டார். பையனுக்கு அழ வேண்டும் என்று தோன்றித் திரும்பிப் பார்த்தபோது, திரும்பி நடந்த தாயின் கையை விடுவித்துக்கொண்டு ஓடிவந்த ஒரு சின்னப் பெண் அவனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் ஏழுமலையிடம் நீட்டிக்கொண்டு.